இணையவழி வழக்கறிஞர் அமர்த்துவது: சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்தேன். இப்போது சுங்கை சிப்புட்டில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் கோயிலில் பார்த்தாலும் பசாரில் பார்த்தாலும் யாராவது கைப்பேசியை நீட்டி, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்கிறார்கள். முறுக்கு சுட்டு விற்கும் பெண்கள், கல்யாணப் படம் எடுக்கும் தம்பிகள், உறுமி மேளக் குழுவினர், டிக்டாக்கில் சமையல் காட்டுபவர்கள் என்று பலரும் வருகிறார்கள். முன்பெல்லாம் வழக்கு என்றால் நிலம், விபத்து, விவாகரத்து. இப்போது படமும் பெயரும் பாட்டும் களவு போகின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஒரு நல்ல வழக்கறிஞரிடம் நீங்கள் ஏமாறாமல் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நேரில் பார்க்காத வழக்கறிஞரை அமர்த்தினால் அது செல்லுமா?

செல்லும். மின் வாணிகச் சட்டம் 2006-இன்படி மின்னஞ்சலில் எழுதி ஒப்புக்கொண்ட ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். வழக்கு ஆவணங்களை வழக்கறிஞர்கள் கணினி வழியாகத்தான் நீதிமன்றத்தில் பதிகிறார்கள். படம், பெயர், பாட்டு போன்ற அறிவுசார் சொத்து வழக்குகளில் பழகிய வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் கோலாலம்பூர் பக்கம் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடும். காணொலியில் அரை மணி நேரம் பேசினால் அதே வேலை முடியும்.

ஒரே ஒரு காரியத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும். அக்குவான் பெர்கானுன் என்னும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் பெசுருஜாயா சும்பா என்னும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அதை டவுனிலோ ஈப்போவிலோ முடித்து, தபாலில் அனுப்பிவிடலாம்.

பேசுகிறவர் உண்மையான வழக்கறிஞர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

என் தங்கை மகன் முகநூலில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, "லாயர்" ஒருவரிடம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தான். கறுப்பு அங்கி போட்ட படம், நிறுவனத்தின் சின்னம், பேச்சில் நல்ல தமிழ் எல்லாம் இருந்தன. "இன்றைக்கே கட்டினால் நாளைக்கே நோட்டீஸ்" என்றார் அந்த ஆள். பணம் போன பிறகு அந்தப் புலன (வாட்ஸ்அப்) எண் உயிரோடு இல்லை. படத்தில் இருந்தவர் உண்மையான வழக்கறிஞர்தான். அவருடைய படத்தை வேறொருவன் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான். பையன் காட்டிய வங்கிச் சீட்டைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. அதில் பணம் பெற்றவர் பெயர் ஒரு தனி ஆளுடையது. வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயர் எங்குமே இல்லை.

தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் தொழில் சட்டம் 1976-இன்படி, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழ் வைத்திருப்பவர்தான் வழக்கறிஞராக வேலை செய்யலாம். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் வழக்கறிஞர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ போட்டுத் தேடலாம். இலவசம்தான். பெயர் அதில் இருப்பது மட்டும் போதாது, களவுப் படத்துக்குரியவரின் பெயரும் அங்கே இருக்குமே. அந்தப் பட்டியலில் உள்ள அலுவலக எண்ணுக்கு நீங்களே அழைத்து, "இந்தப் பெயருள்ளவர் என்னோடு புலனத்தில் பேசுகிறார், அவர் உங்கள் ஆள்தானா?" என்று கேளுங்கள். உங்களுக்குச் செய்தி அனுப்பிய எண்ணுக்கே திருப்பி அழைத்துக் கேட்பதில் பயனில்லை.

பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் போகவேண்டும். வேலை தொடங்குமுன் வாங்கும் முன்பணத்தை வழக்கறிஞர்கள் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல், வாடிக்கையாளர் கணக்கு என்ற தனிக் கணக்கில் வைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. கணக்கு எண்ணோடு தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்தது தெரிந்தவுடன் 997-க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி தடுப்பு மையத்தின் எண். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

ஐசி (அடையாள அட்டை) நகல் கேட்டால் கொடுக்கலாம், நிறுவனங்கள் கேட்பது வழக்கம்தான். நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "இன்ன நிறுவனத்தின் வழக்குக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

சொலிசிட்டர், பேரிஸ்டர், ஏஜென்ட் என்கிறார்களே, யாரைப் பார்ப்பது?

இங்கிலாந்தில் சொலிசிட்டரும் பேரிஸ்டரும் இரண்டு தொழில். நம் நாட்டில் அந்தப் பிரிவு இல்லை. பெகுவாம்பெலா டான் பெகுவாம்சாரா என்று ஒரே ஆள்தான், கடிதமும் எழுதுவார், நீதிமன்றத்திலும் நிற்பார். வர்த்தகச் சின்ன ஏஜென்ட் வேறு. மைஐபிஓ என்று அழைக்கப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிந்தவர் அவர். சின்னத்தைப் பதிவு செய்ய அவர் போதும். சண்டை நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கறிஞர்தான் வேண்டும். சபாவிலும் சரவாக்கிலும் வழக்கறிஞர்களுக்குத் தனி அமைப்புகள் உள்ளன.

எவ்வளவு செலவாகும்? ஜெயித்தால் மட்டும் கொடுத்தால் போதுமா?

ஜெயித்தால் மட்டும் பங்கு வாங்கிக்கொள்கிறேன் என்று வழக்கறிஞர் பேரம் பேச நம் சட்டம் இடம் தரவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், ஒன்று அவர் வழக்கறிஞர் இல்லை, அல்லது விதியை மீறுகிற வழக்கறிஞர். இரண்டுமே உங்களுக்கு ஆகாது.

வீடு வாங்கும்போது கட்டணத்துக்கு அரசாங்க அட்டவணை இருப்பதுபோல் இந்த வேலைகளுக்கு இல்லை. அதனால் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். முதல் ஆலோசனைக்கு எவ்வளவு? எச்சரிக்கைக் கடிதம் ஒன்றுக்கு எவ்வளவு? எதிராளி பதில் போட்டால் அதற்குப் பதில் எழுதுவது இந்தக் கட்டணத்தில் சேருமா, சேராதா? பிரச்சினை பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில்தான் வரும். கடிதத்துக்கு என்று பேசிய பணம் கடிதத்தோடு முடிந்துவிடும், மக்களோ வழக்கு முழுவதற்கும் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். சேவை வரியையும் மறக்காதீர்கள். 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. வரிக்குப் பதிந்த நிறுவனம் பில்லில் அதைச் சேர்க்கும்.

வழக்கறிஞரிடம் பேசுமுன் நான் என்ன தயார் செய்யவேண்டும்?

சான்றுகளைத்தான். நான் அலுவலகத்தில் பார்த்த வரையில், வழக்கின் பாதி பலம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் எடுத்து வருவதில்லை.

எங்கள் பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த ஒரு அக்கா தீபாவளிக்கு முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி சுட்டு விற்பார். மஞ்சள் லேபிள், மூலையில் சின்னக் கோலம். அச்சுக்குக் கொடுத்தபோது "முறுக்கு" என்பதில் வல்லின றுவுக்குப் பதில் இடையின ரு விழுந்து, "முருக்கு" என்று வந்துவிட்டது. ஆயிரம் லேபிள் அடித்தாகிவிட்டதே என்று அப்படியே ஒட்டினார். இரண்டு தீபாவளி கழித்து, இன்னொருவர் அதே மஞ்சள் லேபிளை வேறு தொலைபேசி எண் போட்டு ஷோப்பி இணையச் சந்தையில் விற்றார். "நானே வரைந்தேன்" என்று சாதித்தார். ஆனால் அவருடைய பொட்டலத்திலும் "முருக்கு" என்றே இருந்தது. அந்த ஒரு எழுத்தையும், அச்சகத்தின் பழைய ரசீதையும் பக்கம் பக்கமாக வைத்து வழக்கறிஞர் ஒரு கடிதம் போட்டார். ஒரு வாரத்தில் விளம்பரம் இறங்கியது. அந்த ரசீது எங்கே இருந்தது தெரியுமா? அரிசி டின்னுக்கு அடியில் விரித்த தாளாக இருந்தது.

ஆகவே உங்கள் படைப்பின் மூலக் கோப்பு, அச்சக ரசீது, முதன்முதலில் பதிவேற்றிய நாள், பேசிக்கொண்ட புலனச் செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். களவு போன பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுக்கும்போது மேலே இருக்கும் முகவரியும் தேதியும் தெரியவேண்டும், ஓரத்தை வெட்டாதீர்கள். எதிராளியைத் திட்டிச் செய்தி போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். திட்டினால் அவர் அழித்துவிடுவார், அழித்த பிறகு நீங்கள் திட்டியது மட்டும்தான் சான்றாக மிஞ்சும். கணினியிலிருந்து எடுத்த தாளை நீதிமன்றத்தில் வைக்க 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி ஒரு சான்றிதழ் கேட்கப்படலாம். அதை வழக்கறிஞர் தயாரிப்பார்.

பதிப்புரிமைக்குப் பதிவு செய்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி, சொந்த உழைப்பில் உருவாக்கி எழுத்திலோ ஒலிப்பதிவிலோ படத்திலோ பதிந்தவுடனே உரிமை பிறந்துவிடுகிறது. எழுத்துக்கும் இசைக்கும் ஓவியத்துக்கும் ஆசிரியர் இருக்கும் காலமும், மறைந்த பின் 50 ஆண்டுகளும் அது நிற்கும். 2012 முதல் மைஐபிஓவில் விருப்பப்பட்டுத் தெரிவித்து வைக்கும் முறையும் இருக்கிறது. கட்டாயம் இல்லை. ஆனால் "யார் முதல்" என்ற சண்டை வரும்போது தேதியோடு ஒரு தாள் கையில் இருக்கும். பாட்டு எழுதுகிறவர்களுக்கு அதைச் செய்து வைக்கச் சொல்கிறேன்.

சொத்து என்றால் நமக்கு நிலமும் வீடும்தான் நினைவுக்கு வரும். நம் ஊர்த் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தோட்டத்துக்கே பங்காளி ஆனார்கள். இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அடிக்கும் உறுமி மேளமும் சொத்துதான். மேடையில் வாசிப்பவருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைஞர் உரிமை என்று தனியாக உண்டு. இதைக் குழுத் தலைவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணப் படம் எடுக்கிறேன். படம் எனக்குச் சொந்தமா, மாப்பிள்ளை வீட்டுக்கா?

இதைக் கேட்டால் தம்பிகள் முகம் வாடிப்போகும். காசு கொடுத்து ஒருவர் செய்யச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், செய்யச் சொன்னவருக்கே மாறிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு அது. ஆகவே ஒப்பந்தம் எழுதாமல் கல்யாணம் எடுத்த தம்பி, அந்தப் படங்களைத் தன் விளம்பரத்துக்குப் போட்டால் மணமக்கள் கேள்வி கேட்கலாம். லோகோ வரைந்து கொடுப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

மாற்று எளிது. முன்பணம் வாங்கும்போதே, "பதிப்புரிமை படம் எடுத்தவருக்கு, மணமக்கள் குடும்பப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், விளம்பரத்துக்குப் போடும் படங்களுக்கு அவர்கள் சம்மதம் உண்டு" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இப்படி ஒரு பக்க ஒப்பந்தத்தை ஒரு முறை வழக்கறிஞரிடம் எழுதி வாங்கிவிட்டால் எல்லாக் கல்யாணத்துக்கும் ஆகும். இணையவழியாக வழக்கறிஞரிடம் போவதில் செலவுக்கு மிகவும் தகுந்த வேலை இதுதான் என்பது என் எண்ணம். சண்டைக்குப் பிறகு வரும் பில்லோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

எஸ்எஸ்எம் என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் கடைப் பெயரைப் பதிந்திருக்கிறேன். அந்தப் பெயர் எனக்குத்தானே?

வியாபாரம் செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பெயர் உங்களுடைய சின்னம் ஆகவேண்டுமென்றால் வர்த்தகச் சின்னமாக மைஐபிஓவில் பதியவேண்டும். இப்போது நடப்பில் இருப்பது வர்த்தகச் சின்னச் சட்டம் 2019. அது அந்த ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பொருள் வகை ஒன்றுக்கு, மைஐபிஓவின் பட்டியலிலுள்ள சொற்களையே பயன்படுத்தினால் கட்டணம் 950 வெள்ளி. சொந்தச் சொற்களில் எழுதினால் 1,100. ஏஜென்ட் கட்டணம் இதற்கு மேல். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பத்தை விளம்பரப்படுத்திய பின், மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு மாதம் உண்டு. உங்கள் பெயரை இன்னொருவர் பதிய முயன்றால் நீங்கள் விழித்துக்கொள்ள வேண்டிய காலமும் அதுதான்.

பதியாதவருக்கு வழியே இல்லை என்பதல்ல. நெடுநாள் பயன்படுத்தி ஊரில் பெயர் எடுத்திருந்தால், அந்த நற்பெயரை வேறொருவர் தனதாகக் காட்டி விற்பதை எதிர்த்து வழக்குப் போடலாம். ஆனால் அந்த நற்பெயரை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும். அதற்கு ஆகும் செலவு பதிவுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

என் காணொலியை முகநூலிலும் டிக்டாக்கிலும் போட்டுவிட்டார்கள். நீக்க வழக்கறிஞர் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. அந்தத் தளங்களிலேயே பதிப்புரிமைப் புகார் படிவம் இருக்கிறது, காசு இல்லை. நம் சட்டத்திலும் சேவை வழங்குநருக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும் என்று உண்டு. எதிராளி மறுப்பு அறிவிப்புக் கொடுக்கலாம். அப்போது வழக்கறிஞரைப் பாருங்கள். பொய்யாகப் புகார் கொடுப்பது குற்றம். கோபத்தில் போட்டிக் கடைக்காரரின் சொந்தப் படத்தை நீக்கச் சொல்லாதீர்கள்.

போலிப் பொருளே விற்கிறார்கள் என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவிலும் புகார் செய்யலாம்.

எனக்கே வழக்கறிஞர் கடிதம் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் பயப்படாதீர்கள். கடிதம் என்பது தீர்ப்பு அல்ல. உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரை, கையில் கிடைத்த நாள் இரண்டையும் குறித்து வையுங்கள். அனுப்பிய நிறுவனம் உண்மையானதா என்று மேலே சொன்ன பட்டியலில் பாருங்கள், ஏனென்றால் போலிக் கடிதங்களும் வருகின்றன. கொடுத்த கெடு ஏழு நாளோ பதினான்கு நாளோ, அதற்குள் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆதாரமில்லாமல் வர்த்தகச் சின்ன வழக்கு என்று மிரட்டுபவருக்கு எதிராகவே நிவாரணம் கேட்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

கடிதம் வேறு, உங்கள் மேல் வழக்குப் போட்டாயிற்று என்று நீதிமன்ற முத்திரையோடு வரும் ரிட் வேறு. ரிட் கையில் கிடைத்த 14 நாளுக்குள் நீதிமன்றத்தில் ஆஜராகும் பத்திரத்தைப் பதியவேண்டும். பதியாவிட்டால் நீங்கள் வாய் திறக்காமலே தீர்ப்பு உங்களுக்கு எதிராக விழுந்துவிடும். தோட்டத்து முகவரியில் தபால் எல்லோருக்கும் பொதுவாக வந்து கிடப்பது நமக்குத் தெரியும். வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

முகநூல் பக்கத்துக்கு நான் பெயருக்குத்தான் அட்மின். எழுதியது வேறு ஆள். என்னைப் பிடிப்பார்களா?

பிடிக்கலாம். சாட்சியச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 114ஏ பிரிவு, ஒரு பக்கத்தில் உங்கள் பெயரோ படமோ இருந்தாலும், நீங்கள் அதன் நிர்வாகியாக இருந்தாலும், அங்கே வந்ததை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று அனுமானிக்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். உங்கள் பெயரில் பதிந்த இணைய இணைப்பிலிருந்து போனதற்கும் அப்படியே. கோயில் கமிட்டி, பெற்றோர் சங்கம், விளையாட்டுக் கழகம் ஆகியவற்றின் பக்கங்களில் பெயருக்கு அட்மினாக இருப்பவர்கள் இன்றே விலகிக்கொள்ளுங்கள், அல்லது உண்மையாகவே கவனியுங்கள்.

என் கடைப் பெயரில் வேறொருவர் இணைய முகவரி வாங்கிவிட்டார்.

டாட் மை முகவரி என்றால் கோலாலம்பூரிலுள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தில் முறையிடலாம். முகவரியை உங்களுக்கு மாற்றவோ நீக்கவோ உத்தரவு கிடைக்கும், நஷ்ட ஈடு கிடைக்காது. டாட் காம் என்றால் உலக அறிவுசார் சொத்து அமைப்பு போன்ற இடங்களில். அங்கே ஒரு நடுவருக்கான கட்டணமே 1,500 அமெரிக்க டாலர். சிறு கடைக்கு வேறு முகவரி வாங்குவது மலிவு.

சென்னையில் ஒருவர் நம் பாட்டைப் பயன்படுத்தினால்?

மலேசியா 1990-இல் பதிப்புரிமைக்கான அனைத்துலக பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியாவும் அதில் இருக்கிறது. அதனால் உங்கள் பாட்டுக்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வழக்கு அங்கே நடந்தால் அங்குள்ள வழக்கறிஞர்தான் வாதாட முடியும். சென்னை வழக்கறிஞர் நம் ஊர் நீதிமன்றத்தில் நிற்க முடியாததுபோலத்தான் இதுவும். முதலில் தளத்தில் புகார் கொடுத்துப் பாருங்கள், அதிலேயே பல முடிந்துவிடும்.

படம் எடுத்ததற்கு 2,000 வெள்ளி தரவில்லை. இதற்கு வழக்கறிஞர் வைத்தால் கட்டுப்படியாகுமா?

ஆகாது, வைக்கவும் வேண்டாம். 5,000 வெள்ளி வரையிலான கடனுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. போராங் 198 என்ற படிவத்தை நிரப்பி, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். ஆறு ஆண்டுக்குள் போடவேண்டும். பேசிக்கொண்ட புலனச் செய்தியை அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள்.

அமர்த்திய வழக்கறிஞர் பதிலே சொல்வதில்லை.

முதலில் மின்னஞ்சலில் தேதி போட்டுக் கேளுங்கள், வெறும் தொலைபேசி அழைப்புக்குத் தடயம் இல்லை. அப்போதும் அசையாவிட்டால் வேறு வழக்கறிஞருக்கு மாறும் உரிமை உங்களுக்கு உண்டு. பழைய பில் பாக்கி இருந்தால் அவர் கோப்பைப் பிடித்து வைக்கலாம், அதனால் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கையாண்டதில் தப்பு, பொய் சொன்னது போன்றவற்றுக்கு வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தில் எழுதிப் புகார் செய்யலாம். எழுத்து வராது என்று தயங்குபவர்கள் ரசீதுகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதுவோம்.